கைப்பிடி அரிசியும் கணக்குப் புத்தகமும்



"அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்ற வசையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்று அதற்குப் பிற்காலத்துப் பதிப்புகளும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்ன 1876-78 பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்குப் போனான் என்பதில் வெட்கப்பட ஏதும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவனைப் பசிக்க விட்டவர்கள். ஆனால் இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்த வசைக்கு வேறொரு வழியில் பதில் சொல்லப் பார்க்கிறேன். அரிசி எந்தத் திசையில் போனது? சபையிலிருந்து சேரிக்கு வந்ததா, சேரியிலிருந்து சபைக்குப் போனதா?

என் பாட்டி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். கூலியாக வந்த நெல்லைக் குத்திப் புடைத்து, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படியில் தொங்கிய பனையோலைக் கொட்டானில் போடுவாள். அன்றைக்கு அளந்த அரிசி எத்தனை வயிற்றுக்குப் போதும் போதாது என்பது அதற்கு அப்புறம்தான். சனிக்கிழமை சாயங்காலம் கோயில்பிள்ளை சாக்கோடு வருவார். பல வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அது ஏலத்துக்கு வரும். புழுங்கலும் பச்சையும் சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்த அரிசி, ஆகையால் விலை மலிவு. சில வாரம் என் பாட்டியே அதில் ஒரு படி எடுத்துவருவாள். தான் கொடுத்ததைத் தானே காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை உறுத்துகிறது.

இதற்குப் பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். மிசோரத்தில் 1910 முதல் இதே வழக்கம் 'புஹ்ஃபாய் தாம்' என்ற பெயரில் நடந்துவருகிறது. பிரஸ்பிட்டேரியன் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றாகவே அது வளர்ந்தது. அங்கேயும் அள்ளி வைத்தவர்கள் பெண்கள், சபை மூப்பராக உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

ஒரு சபையின் தர்மகாரியங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம்மில் பலர் உடனே சீமையைக் கைகாட்டுவார்கள். வெள்ளைக்காரன் பணம், ஜெர்மன் பணம், அமெரிக்கப் பணம். அந்தப் பணம் வந்தது உண்மைதான். ஆனால் அது ஒன்றே வந்தது என்பது பொய். திருநெல்வேலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1799-இல் முதலூர் உண்டானது. ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள், விலைக்கு வாங்கிய நிலத்தில் குடியேறிய முதல் ஊர், ஆகையால் அந்தப் பெயர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டிருப்பவன் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதைக்கூட நிலக்காரன்தான் தீர்மானித்தான். "குடிசையைப் பிரி" என்ற ஒரு சொல்லில் வேதமும் முடிந்தது, விசுவாசமும் முடிந்தது. எனவே அந்தச் சபைகளுக்குத் தேவைப்பட்ட முதல் தர்மம் சோறு அல்ல, நிலம்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் ரேனியஸ். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர். 1830-இல் அவர் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். உள்ளூர்ச் சபையாரின் சந்தாவும் வெளியார் நன்கொடையும் சேர்த்து நிலமும் மனையும் வாங்குவது, துன்புறுத்தப்பட்டவர்களை அங்கே குடிவைப்பது, ஜெபவீடும் பள்ளியும் கட்டுவது என்பது அதன் வேலை. 1835-இல் ரேனியஸ் தன்னை அனுப்பிய சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்தார், 1838-இல் இறந்தார். சங்கம் என்ற சொல் மட்டும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கே ஒருவர் "சங்கம் கட்டியாச்சா?" என்று கேட்டால், சபைக்குக் கட்ட வேண்டிய சந்தாவைக் கேட்கிறார் என்று அர்த்தம். சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்புக்கு வைத்த பெயர், கட்டும் பணத்துக்கே பெயராகிப்போனது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். 1827-இல் உண்டான டோனாவூருக்குப் பணம் அனுப்பியவர் டோனா என்ற ஜெர்மானியப் பிரபு. சாயர்புரம், அதற்கு நிலம் வாங்கிய சாயர் என்ற வணிகரின் பெயரைச் சுமக்கிறது. வடக்கே செங்கல்பட்டுப் பக்கம் போனால் மெல்ரோசாபுரம். ஸ்காட்லாந்திலுள்ள மெல்ரோஸ் என்ற ஊரின் பெயர். அதே மாவட்டத்தில்தான் 1891-இல் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலமற்ற நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மொத்தமாகக் கொடுத்தவனுக்கு ஊரே கல்வெட்டாக நிற்கிறது. பிடி பிடியாகக் கொடுத்தவர்களின் பெயரில் ஓர் ஊர் உண்டா? நான் தேடிய வரையில் இல்லை.

சரி, சேர்ந்த பணம் எதற்குப் போனது? இங்கேதான் செயல்பாட்டாளர்கள் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். 1841 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக லண்டனில் இருந்தவர் ஹென்றி வென். உள்ளூர்ச் சபை தன் பணத்தில் நிற்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், சீமைப் பணம் குறையக் குறைய, குருவானவரின் சம்பளமும் கட்டடத்தின் பழுதும் சபையார் தலையில் வந்து விழுந்தன. சேகரத்தில் சேரும் காணிக்கையில் முதல் உரிமை சம்பளத்துக்கு, அடுத்தது கட்டடத்துக்கு, மேலே மத்திய நிதிக்கு ஒரு பங்கு. இத்தனையும் போக மிஞ்சினால்தான் ஏழை விதவைக்கு உதவி, பிள்ளைக்குப் புத்தகம், நோயாளிக்கு மருந்து. 'தன் காலில் நிற்கும் சபை' என்ற பெருமைக்கு முட்டுக்கொடுத்தது யாருடைய கால் என்று யாரும் கேட்கவில்லை.

வசூலிக்கும் வழிகளுக்கோ குறைவே இல்லை. ஞாயிற்றுக் காணிக்கைப் பை, மாதச் சங்கம், தசமபாகம், பிள்ளை பிறந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பு முடிந்தால் முதற்பலன். அறுப்பின் பண்டிகை அன்று கோயிலே சந்தை மாதிரி இருக்கும். வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கோழி, சில ஊரில் ஆட்டுக்குட்டி. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் பத்து மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவர் பெயரை மூன்று தரம் உரக்கச் சொல்வார்கள். எடுத்தவரே திரும்பக் கொடுத்துவிட, மறுபடியும் ஏலம் விடுவார்கள். கூத்தும் கும்மாளமுமாக நடக்கும் இந்த ஏலத்தை நான் குறைசொல்ல மாட்டேன். சிறுவயதில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். ஆனால் பூசணிக்காயைக் கொண்டுவந்தவள் பெயரை அங்கே யாரும் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

அசனப் பண்டிகையும் அப்படியே. வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் தேங்காயும் திரட்டிச் சபையார் அனைவரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவது என்பது அதன் கருத்து. சாதிச் சமூகத்தின் நடுவில் இது சாமானியமான காரியம் அல்ல. ஒரே அண்டாவில் எல்லா வீட்டு அரிசியும் வேகும்போது தீட்டு எங்கே போய் ஒளியும்? ஆனால் தீட்டுக்கு வழி தெரியும். எந்தப் பந்தியில் யார் உட்காருவது, யார் விறகு பிளப்பது, அண்டா கழுவுவது யார், அகப்பை பிடிப்பது யார் என்பதில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பொதுப்பணம் ஒரு சமூகத்தை எப்படித் தூக்கிவிடும் என்பதற்கும் அதே மண்ணில் சாட்சி உண்டு. பனையேறிகள் என்று இழிவாகப் பேசப்பட்ட நாடார்கள், விருதுநகர், சிவகாசிப் பக்கத்து உறவின்முறைகளில் மகமை என்று ஒரு பொதுநிதியைத் திரட்டினார்கள். ஒவ்வொரு மூட்டைச் சரக்குக்கும் இத்தனை என்று வியாபாரிகள் செலுத்திய பணம் பள்ளிக்கூடமாகவும் கிணறாகவும் வழக்குச் செலவாகவும் மாறியது. மகமையில் கொடுத்தவர்களின் கையிலேயே பெட்டிச் சாவியும் இருந்தது. தெற்கே கிறிஸ்தவ நாடார்களுக்குச் சபையின் சங்கம் ஏறத்தாழ அந்த வேலையைச் செய்தது. அதே கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளருக்கும் பறையருக்கும் அது அந்த வேலையைச் செய்யவில்லை. அவர்களும் கொடுத்தார்கள். சாவிதான் வரவில்லை.

இந்த இடத்தில் தோர்ணக்கல்லுக்கு உங்களை அழைத்துப்போக வேண்டும். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் நிபந்தனை. தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. சங்கம் தேர்ந்துகொண்ட களம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல். திருநெல்வேலிப் பெண்களின் காணிக்கை, மொழி தெரியாத தெலுங்கு நாட்டு மாலா, மாதிகா மக்களுக்குப் பள்ளியாகவும் ஊழியமாகவும் போய்ச் சேர்ந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார்; ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

எனக்கு அசரியாவின் மீது விமர்சனங்கள் உண்டு. அரசியல் உரிமையைவிட ஆன்ம மாற்றத்தைத்தான் அவர் பெரிதாக நம்பினார். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு இருந்த தெளிவு நம் காலத்துத் தொண்டு நிறுவனங்களுக்குக்கூட இல்லை. அடுத்தவேளைக் கஞ்சிக்கு வழியில்லாத மாலாவும் மாதிகாவும் கொடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். காசு இல்லையா, சமைக்கும்போது ஒரு பிடி தானியம். அதுவும் இல்லையா, கோயில் கட்ட ஒருநாள் உழைப்பு. கிறிஸ்தவன் கொடுப்பது பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். இது ஏழையைச் சுரண்டுவது அல்லவா என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். பண்ணையாரிடம் கைகட்டி வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு மனிதன், முதல்முறையாகத் தன் கையால் பொதுக்காரியத்துக்கு ஒன்றைக் கொடுக்கும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் நாம் எடைபோட வேண்டும். கொடுக்கிறவன் கேள்வி கேட்பான். 1939-இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது, அதில் தன் உழைப்பும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஊர்த் தெருவுக்குள் நடக்க விடப்படாத மனிதர்கள் இருந்தார்கள். மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையிலிருந்த பிளவைச் சபை தீர்க்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தர்மப் பணம் யாரைப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். இந்தியக் கிறிஸ்தவர்கள் குறித்து எழுதிய கட்டுரைகளில் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். மிஷன்களின் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் மேல்சாதி இந்துக்களுக்கே பயன்பட்டன. சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவன் அந்தப் படியேற வசதியில்லாமல் வெளியே நின்றான் என்பது அவர் வாதம். நகரத்து மிஷன் கல்லூரிகளின் பழைய மாணவர் பட்டியலைப் புரட்டினால் இன்றைக்கும் அது புரியும்.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. எண்பதுகளில் நடந்தது. எங்கள் சேகரத்தில் கமிட்டித் தேர்தல். சங்கம் கட்டியவருக்குத்தான் ஓட்டு. மழை பொய்த்த மூன்று வருடம் என் அப்பா சங்கம் கட்டவில்லை. வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு அதே கதி. அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டுப் பிடி அரிசி ஒரு வாரம்கூட நின்றதில்லை. அப்பா போய் இதைச் சொன்னார். "அது பொம்பளைங்க காணிக்கை, அதைச் சங்கத்தில் சேர்க்க முடியாது" என்றார்கள். அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஏழைகளுக்குப் போர்வை கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை வாசித்தபோது அப்பா பெயர் மூன்றாவதாக வந்தது. ஒரே சபை, ஒரே மனிதன், இரண்டு பட்டியல்.

அப்பா போர்வையை மறுத்துவிட்டார் என்று சொன்னால் உங்களுக்குக் கைதட்டத் தோன்றும். மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டிக்குக் குளிர் தாங்காது.

அந்த ஞாயிறு பிரசங்கம், ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பற்றியது. காணிக்கை ஞாயிறுகளில் வழக்கமாக எடுக்கும் பகுதி. மாற்கு சுவிசேஷத்தில் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கும் வசனம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்த பிரசங்கியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் நிலைமை சற்று வேறுவிதம். அங்கே தலைக்கட்டு வரி உண்டு, திருவிழாவுக்கு மண்டகப்படி உண்டு. பங்குக்குள் ஏழைகளைத் தேடிப்போய் உதவ வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, தவக்கால உண்டியல் உண்டு. உதவி தர யாரும் மறுப்பதில்லை. பல ஊர்களில் சிக்கல் எழுவது தலித்துகள் வரி கொடுக்கிறோம் என்று முன்வரும்போதுதான். வரியை வாங்கிக்கொண்டால் தேர் இழுக்கும் வடத்தில் கை வைப்பார்கள், திருவிழாக் கமிட்டியில் இடம் கேட்பார்கள், தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்பார்கள். ஆகவே தலித்தின் பணம் வேண்டாம். தலித்துக்குக் கொடுக்கலாம், தலித்திடம் வாங்கக்கூடாது என்பது பழைய தீண்டாமையின் புது இலக்கணம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையும், அதையொட்டிக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். தனிப் பங்கு என்றால் தனிக் கோயில் மட்டுமா? தனி வரி, தனி உண்டியல், தனிக் கணக்குப் புத்தகம். திருச்சி மாவட்டக் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையினரைத் தர்மம் பெறுவோர் வரிசையில் நிறுத்தியிருக்கும் விசித்திரமான குடும்பம் இது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியேற்றியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவத் தலித்துக்கும் இஸ்லாமியத் தலித்துக்கும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உரிமையாகக் கிடைக்கும் விடுதி, நம் வீட்டுப் பிள்ளைக்குக் குருவானவரின் கடிதத்தோடு கிடைக்கும் தயவாக மாறியது. சபையின் தர்மம் இத்தனை கனத்துப்போனதற்கு அரசு கைகழுவியதும் ஒரு காரணம்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976-இல் வந்தது, 2010-இல் மாற்றி எழுதப்பட்டது, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. எல்லாப் பணமும் டெல்லியில் ஒரே வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும் என்றார்கள். பல விடுதிகளும் இரவுப் பள்ளிகளும் மூடப்படுகின்றன. இனி உள்ளூர்ப் பணத்தை நம்ப வேண்டும் என்று சபைத் தலைவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லது. உள்ளூர்ப் பணம் என்றால் மறுபடியும் கொட்டானும் கைப்பிடியும்தான். இந்தத் தடவை பிடி அரிசியையும் சங்கமாகக் கணக்கில் வையுங்கள், கொடுத்தவளுக்கு ஓட்டைக் கொடுங்கள், உதவித்தொகை யாருக்கு என்று முடிவெடுக்கும் மேசையில் அவளையும் உட்கார வையுங்கள் என்று நாம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். பெரிய போர்வை வேண்டாம் தோழர்களே, பட்டியலை எழுதும் பேனா வேண்டும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊர்ச் சபையின், பங்கின் பழைய கணக்குப் புத்தகங்களைக் கேளுங்கள். யார் கொடுத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் பெற்றார்கள் என்று எழுதி எடுங்கள். முதலில் இல்லை என்பார்கள். என்னிடமும் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். கடைசியில் பழைய கோயில்பிள்ளையின் மகன் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பேரேட்டை எடுத்துத் தந்தார். அறுபதுகளில் எழுதியது. ஏலம் எடுத்தவர்கள் பெயர், தகப்பன் பெயர், தொகை எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொரு ஞாயிற்றின் அடியிலும் பிடி அரிசிக்கு ஒரே ஒரு வரி. "பெண்கள் அரிசி, இரண்டு மரக்கால் ஒரு படி." அடுத்த வாரம், "பெண்கள் அரிசி, இரண்டு மரக்கால்." பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். பாட்டியின் பெயர் எங்கும் இல்லை.